வாட்டத்துக்கு ஒரு டப்பா

அவர் கையிலிருந்து எதை வாங்கினாலும் கேட்ட அளவைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்து சேரும். ஏற்காட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கால் கிலோ மிளகு கேட்டால், தராசின் முள் நடுவில் நின்ற பிறகு ஒரு கை மிளகை அள்ளிப் பொட்டலத்தின் மேல் போட்டு மடிப்பார். ஆரஞ்சு பன்னிரண்டு வாங்கினால் பதின்மூன்றாவது பழம் பையின் அடியில் கிடக்கும். விடுதி நடத்தும் சேலத்துக்காரர் ஒருவர், எண்ணிக்கை தவறிவிட்டது என்று நினைத்து அந்தப் பழத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"தப்பில்லீங்க. ஊட்டுக்குப் போயி ஒண்ணு அழுவிக் கெடந்தா பன்னண்டுக்குக் கொறையுமில்லீங்களா? அதுக்கு அது."

"அழுகாம இருந்தா?"

"இருந்தா தின்னுங்க. நான் என்ன கேசா போடப்போறேன்?"

கொட்டச்சேடு என்ற மலையூரைச் சேர்ந்த பெண் அவர். நான் பணிக்குச் சேர்ந்த காப்பித் தோட்டத்தின் களஞ்சியத்தில் மூட்டை நிரப்பி, எடை பார்த்து, வாய் தைப்பது அவருடைய வேலை. ஐம்பதைக் கடந்த மெலிந்த உடம்பு. கோணி தைக்கும் நீண்ட ஊசியைக் கொண்டையிலேயே செருகி வைத்திருப்பார். பேசும்போது கை தானாகப் போய் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும். எனக்கு எழுத்தர் வேலை. அந்த மலையில் அதற்கு ரைட்டர் என்று பெயர். எடைத்தட்டில் மூட்டை ஏறும். முள் ஐம்பதைத் தொடும். நான் பதிவேட்டில் ஐம்பது என்று எழுதுவேன். எழுதிவிட்டுத் தலை நிமிர்வதற்குள் அவர் பக்கத்துக் குவியலிலிருந்து ஒரு தகர டப்பா நிறையக் காப்பிக்கொட்டையை அள்ளி மூட்டையில் போட்டிருப்பார். ஊசி ஓடத் தொடங்கியிருக்கும்.

சேர்ந்த முதல் வாரத்தில் அதைக் கண்டு நான் திடுக்கிட்டேன். எழுதியது ஒன்று, மூட்டையில் இருப்பது வேறொன்று என்றால் என் பதிவேட்டுக்கு என்ன பொருள் என்று கேட்டேன்.

"ஏனுங்க ரைட்டரே, இந்த மலையில காத்தே ஈரமுங்க. எவ்வளவு காயப்போட்டாலும் கொட்டை அந்த ஈரத்தக் குடிச்சுப்போட்டுத்தான் மூட்டைக்குள்ள உக்காருது. கீழ எறங்கி சேலத்து வெய்யிலு பட்டா வாடுமில்லீங்களா? அங்க அம்பது காட்டோணுமில்ல? வாட்டத்துக்கு ஒரு டப்பா."

தோட்டத்துக்காரருக்கும் அது தெரிந்திருந்தது. அவருடைய தந்தை காலத்திலிருந்தே அப்படித்தானாம். சில நாளில் என் கண்ணும் அதற்குப் பழகிவிட்டது. முள் நின்றதும் எழுதுவேன். டப்பா விழும் ஓசை காதில் விழும். அடுத்த மூட்டைக்குக் கோடு கிழிப்பேன்.

குறைகிறது என்று ஒருவர் வாய் திறந்துவிடக் கூடாது. அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த ஓர் அச்சத்தைச் சுற்றியே நடந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஒரு மழை நாளில், லாரி வராமல் காத்திருந்தபோது அவராகவே சொன்னார். சிறு வயதில் தந்தையோடு மிளகு விற்கக் கீழே போயிருக்கிறார். மலையில் நிறுத்த எடை அங்கே நிற்கவில்லை. வழியில் எடுத்து மடியில் கட்டிக்கொண்டாயா என்று கேட்ட வியாபாரி, கடைத்தெரு பார்க்க வேட்டியை உதறிக் காட்டச் சொல்லியிருக்கிறான்.

"எங்கப்பன் உதறிக் காட்டுனாருங்க. ஒரு மொளகு உழுகல." அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்துபோய், தைத்து முடித்த மூட்டைகளைப் பார்வையிட்டார்.

அந்தத் தோட்டத்தை விட்டு நான் வெளியேறி ஆண்டுகள் சில ஆகின்றன. அவரை நினைக்கும்போதெல்லாம் நான்கு ரயில் பெட்டிகளும் உடன் வந்துவிடுகின்றன. எங்கள் மலையில் ரயில் ஓடியதில்லை. அவர் அதுவரை ரயிலில் ஏறியதும் இல்லை.

எங்கள் காப்பி மூட்டைகளைக் கீழே கொண்டுசெல்லும் லாரிக்காரர் ஒரு வேலையை ஒப்பந்தம் எடுத்து வந்தார். தொலைவில் வேறொரு மலையில் ஏறும் பழைய ரயில் பாதை, நூறாண்டைத் தாண்டியது. சரிவு கடுமையாதலால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் பதித்த மூன்றாவது இரும்பு ஓடும். எஞ்சினின் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். அந்தப் பாதைக்குப் புதிய பெட்டிகள் நான்கு செய்து கொண்டுவந்திருந்தார்கள். மக்களை ஏற்றுவதற்கு முன் ஓட்டிப் பார்க்கவேண்டும். சோதனை ஓட்டத்தில் மனிதரை நிரப்ப இயலாது. ஆகவே ஒரு பயணிக்கு ஒரு மணல் மூட்டை. பெட்டிக்கு நாற்பது இருக்கை, மூட்டைக்கு அறுபத்தைந்து கிலோ. மூட்டை நிரப்பித் தைக்க அவர், தூக்கி ஏற்றக் கரடியூர் ஆட்கள் நால்வர், எடையை எழுத நான். இரண்டு நாள் வேலைதான் என்றார் லாரிக்காரர்.

அடிவாரத்து நிலையத்தின் ஓரத்தில் உலர்ந்த மணல் குவிந்திருந்தது. எடைத்தட்டை அங்கேயே அமைத்தோம். மேற்பார்வைக்கு நின்றவர் முள்ளைக் கூர்ந்து பார்த்தார். முள் ஒவ்வொரு முறையும் அறுபத்தைந்தில் நின்றது. நான் அறுபத்தைந்து என்று எழுதினேன். அடுத்த மூட்டைக்கு வரிசை நகர்ந்தது. நூற்றறுபது மூட்டைக்கும் நூற்றறுபது வரிகள். எல்லாவற்றிலும் ஒரே எண்.

நிரப்பி முடித்ததும் ஆட்கள் மூட்டைகளை இருக்கைகளின் மேல் படுக்கப் போட்டார்கள். அவர் பெட்டிக்குள் ஏறிப் பார்த்துவிட்டுக் குரல் எழுப்பினார்.

"ஏப்பா, சனங்க இப்பிடித்தான் படுத்துக்கிட்டு வருவாங்களா? உக்கார வைங்க."

"மண்ணுக்கு எப்பிடி இருந்தா என்னக்கா?" என்றார் ஆட்களில் மூத்தவர்.

"டிக்கெட்டு வாங்கி ஏறுன ஆளாட்டம் நெனச்சுக்க. மருவாதியா உக்கார வை."

"இவரு ஜன்னலோரம் கேக்கறாருக்கா."

"யாரு அவரு?"

"எங்க மாமனாரு. அதே எடை, அதே தொப்பை."

"அவர நடுவால வை. ஜன்னலோரம் குடுத்தா வழியெல்லாம் வெத்தல துப்பிக்கிட்டே வருவாரு."

கதவருகே யாரோ சிரித்தார்கள். தலைக்கவசம் அணிந்த ஓர் இளம்பெண். பெட்டிகளைச் செய்த தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த பொறியாளர்.

"அவங்க சொல்றது சரிதான் அண்ணா. நிமிர்த்தியே வைங்க. ஆள் உட்கார்ந்தா பாரம் மேலதான இருக்கும்? படுக்க வெச்சா வண்டி ஆடுறது தெரியாது." பிறகு அவர் பக்கம் திரும்பி, "இதுக்கு முன்னாடி ரயில்ல வேலை பார்த்திருக்கீங்களா அக்கா?" என்றார்.

"இல்ல கண்ணு. ஆளுங்களப் பாத்திருக்கறன்."

அன்று மதியம் அந்தப் பெண் எங்களோடு அமர்ந்தே உண்டார். மூட்டை தைப்பவர் தம் ஊரிலிருந்து கட்டிவந்த சாமைச் சோறு. போதும் போதும் என்று கை மறித்த பிறகும் ஓர் அகப்பை விழுந்தது. உண்டபடியே அந்தப் பெண் சொன்னார்: பெட்டி தன்னுடையதன்று, அதன் பிரேக் என்ற நிறுத்துகருவி மட்டும்தான் தன்னுடையது, இரண்டாண்டு உழைப்பு.

"ஏறுறது பெருசில்லக்கா. இறங்கும்போது நிக்கணும். பாதை ஓரத்துல ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்காங்க பாருங்க. பிரேக் போட்டா அந்தக் கோட்டுக்கு முன்னாடி வண்டி நிக்கணும். வெறும் வண்டி நேத்தே நின்னுடுச்சு. நாளைக்கு பாரத்தோட."

"நிக்காட்டி?"

"இந்த பிரேக்கை எடுத்துக் கட்டி வெச்சுடுவாங்க. வேற ஒருத்தர் செஞ்சது தயாரா இருக்கு. என்னை வேற வேலைக்கு மாத்திடுவாங்க." பிறகு சோற்றைப் பார்த்தபடி, "மறுபடி இன்னொரு வாய்ப்பு வராதுக்கா" என்றார்.

"நிக்கும் கண்ணு. நீ சாப்புடு."

மறுநாள் காலை வண்டி மேலேறிப் போய், சரிவில் இறங்கி வந்தது. நாங்கள் வெள்ளைக் கோட்டுக்கு எதிரே மேட்டில் நின்றிருந்தோம். நூற்றறுபது மணல் மூட்டைகள் கண்ணாடி வழியே வேடிக்கை பார்ப்பவைபோல் நிமிர்ந்து அமர்ந்து வந்தன. நிறுத்துகருவி கவ்வும் ஓசை கேட்டது, பெட்டிகள் குலுங்கின. வண்டி கோட்டைத் தாண்டி நான்கடி சென்று நின்றது. அதிகாரிகள் நாடா வைத்து அளந்தார்கள். இரண்டாம் முறை மூன்றரை அடி. மூன்றாம் முறை மீண்டும் நான்கு. அளந்தவர் எண்ணைச் சொல்ல, மற்றவர் எழுதினார். அந்தப் பெண் கோட்டருகே குத்திட்டு அமர்ந்து, வண்டி நின்ற இடத்துக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு தொலைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூட்டைகளை இறக்கினோம். நிலையத்தின் நடைமேடையை உயர்த்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. கோணிகளை அறுத்து மணலை அங்கேயே கொட்டச் சொன்னார்கள். கொட்டினோம். புறப்படும்போது அந்தப் பெண் லாரியருகே வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா ஏத்திக் கொடுத்தீங்கக்கா. ஒரு மூட்டைகூடச் சாயல."

அவர் லாரியில் ஏறி அமர்ந்தார். கொட்டச்சேடு வந்து சேரும்வரை முந்தானையின் நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் காப்பிப் பருவம் வந்தது. களஞ்சியத்தில் எடை தொடங்கிய முதல் நாள். முள் ஐம்பதில் நின்றது, நான் எழுதினேன், டப்பா விழும் ஓசை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். டப்பாவைக் குவியலுக்குள் செருகியபடியே அவர் நின்றிருந்தார்.

"ரைட்டருங்க, அங்கயும் போட்டனுங்களா?"

எங்கே என்று நான் கேட்கவில்லை. அவர் கேட்ட நொடியிலேயே அந்த ஓசை என் காதில் எழுந்தது. நூற்றறுபது முறை அதைக் கேட்டுக்கொண்டேதான் அந்த நிலையத்தில் நான் அமர்ந்திருந்தேன். காப்பி விழும்போது வரும் சலசலப்பு அன்று. கனத்து விழும் ஓசை. முள்ளைப் பார்த்து நின்றவருக்கு, மூட்டை தட்டிலிருந்து இறங்கிய பிறகு நடந்தது வேலையின் ஒரு பகுதியாகத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியதும் அதுவே.

"போட்டீங்க" என்றேன்.

"மணலு வாடுமுங்களா?"

களஞ்சியத்துக்கு வெளியே கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலில் அவரே போய் ஒரு டப்பா அள்ளிவந்து தட்டில் வைத்தார். காப்பிக்கு ஒரு கிலோ பிடிக்கும் அந்த டப்பா மணலுக்கு நான்கு கிலோ பிடித்தது. பெருக்கிச் சொல்லும்படி கேட்டார். அறுநூற்று நாற்பது என்றேன். ஆள் கணக்கில் சொல்லும்படி கேட்டார்.

"கிட்டத்தட்டப் பத்துப் பேர்."

"பத்துப் பேர நான் கூட ஏத்தி உட்டுட்டனுங்களா?"

அன்று அவர் எந்த மூட்டைக்கும் டப்பா போடவில்லை. மறுநாள் மீண்டும் போட்டார். காப்பி வாடத்தானே செய்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் குவியலைத் தொட்டுப் பார்த்தார், அது காப்பிதானா என்று உறுதி செய்துகொள்பவர்போல.

லாரிக்காரரிடம் சொன்னோம். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஏனுங்கக்கா, யாராச்சும் கேட்டாங்களா? கேக்காததுக்கு எதுக்குப் போயிப் பதில் சொல்றீங்க? அப்பறம் எனக்கு எவன் வேல குடுப்பான்?"

"அந்தப் பொண்ணுக்கு வேல போயிருக்குமே, அது?"

"அதுக்கென்ன, படிச்ச புள்ள. வேற பாத்துக்கும்."

அவர் லாரிக்காரரின் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை இருவரும் மலையிறங்கி, சோதனை நடத்திய அலுவலகத்தைத் தேடிப் போனோம். சந்தைக்கு வரும்போது உடுத்தும் நல்ல சேலையை உடுத்தியிருந்தார். டப்பாவையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். அதிகாரி எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகக் கேட்டார். டப்பாவைக் கையில் வாங்கி உள்ளேயும் வெளியேயும் பார்த்தார். பிறகு சோதனைக் கோப்பு ஒன்றை வரவழைத்து என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

என்னுடையதுதான். எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக, அடித்தல் திருத்தல் இன்றி நின்றன. அவ்வளவு தெளிவாக நான் எழுதியிருக்கவேண்டாம் என்று தோன்றியது.

"மூட்டை ஏதாவது மிச்சம் இருக்கா?"

"அறுத்துட்டமுங்க."

"மணல்?"

"நடைமேடைக்குப் போட்டாச்சுங்க."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அம்மா, நீங்க சொல்றதை நான் நம்பறேன். நம்பறேன்னு எழுத இந்தத் தாள்ல இடம் இல்ல. இது மேல போயி, முடிவாகி, பெட்டிங்க திரும்பிப் போயாச்சு. வேற பிரேக் மாட்டிட்டு இருக்காங்க."

"மறுக்கா ஒருதரம் ஓட்டிப் பாக்கக் கூடாதுங்களா, சாமி? நான் கூலி வாங்காம ஏத்தித் தாறன். இந்த டப்பாவத் தொடவே மாட்டன்."

அதிகாரி தலையை மெல்ல அசைத்தார். எங்களை அனுப்பிவிடத் துடிக்கும் அசைவாக அது தெரியவில்லை. அவராலும் ஆகாதது அது. அந்தப் பெண்ணின் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தது மட்டுமே அவரால் செய்ய இயன்றது.

சேலம் பேருந்து நிலையத்தில், ஏற்காட்டுப் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் என் கைப்பேசியில் அழைத்தோம். இருவரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி நடுவில் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? காப்பி எடுத்தாச்சா?"

அவர் நலம் விசாரிக்கவில்லை. டப்பா, வாட்டம், நான்கு கிலோ, பத்துப் பேர் என எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். மறுமுனையில் எங்கோ ஓர் இயந்திரம் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பெண் சிரித்தார்.

"பத்துப் பேர்தானக்கா? சீசன்ல பத்துப் பேர் நின்னுக்கிட்டே வருவாங்க. அதுக்கும் சேர்த்துத்தான் அது நின்னிருக்கணும். நிக்கலேன்னா குறை என் பிரேக்லதான். உங்க மேல இல்ல."

"நெசமா கண்ணு?"

"நெசமாத்தான்க்கா."

"அப்ப அந்தக் கோடு எதுக்குப் போட்டாங்க? மூட்டைக்கு இத்தனைதான்னு எதுக்குக் கண்ணு சொன்னாங்க?"

இயந்திரம் தட்டிக்கொண்டே இருந்தது.

"அக்கா, இங்க கூப்பிடறாங்க. அப்புறமா பேசறேன். உடம்பைப் பார்த்துக்கோங்க."

பேசி முடித்த பிறகும் அவர் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் சட்டைப்பைக்குள் வைத்ததும், பார்வை என் முகத்துக்கு வந்தது.

"நீங்க படிச்சவங்க. நீங்க சொல்லுங்க. அந்தப் பொண்ணு நெசம் சொல்லுச்சா, எனக்கோசரம் சொல்லுச்சா?"

எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியாது. பொறியியல் அறிந்த ஓரிருவரிடம் பின்னாளில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் ஆம் என்றார், மற்றவர் இல்லை என்றார். அன்று பேருந்து நிலையத்தில் அந்த இருவரும் இல்லை. நான் மட்டுமே இருந்தேன்.

"நெசந்தான்" என்றேன்.

அவர் டப்பா இருந்த மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பொய் எழுதத்தான் வருதுங்க. சொல்ல வரல."

அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது மறுமொழி சொல்லியிருப்பேன்.